மூணு டம்ளர் கோதுமை மாவு

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இப்பத்தான் எழுத உட்கார்ந்திருக்கேன். வெறுங்கையோட எழுத வேண்டாம்னு காத்திருந்தேன்னு வெச்சுக்கோ. இன்னிக்கு உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. ஸ்டெல்லா அத்தை மாட்டிக்கிட்டாங்க.

அந்த அறுப்பின் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. சர்ச்சுல காணிக்கைப் பொருளை ஏலம் விடுவாங்களே, அதுக்கு உன் கோதுமை கேக்கைத் தானே செஞ்சு கொண்டுவர்றேன்னு அத்தை அளவு கேட்டாங்க. "மூணு டம்ளர் மாவு. அமுக்காம போடு ஸ்டெல்லா"ன்னு சொல்லி, உன் எவர்சில்வர் டம்ளரையே குடுத்தனுப்பின. நான் பக்கத்துலதான் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன்.

கேக் செங்கல்லா வந்துச்சு. ஏலத்துல ஒருத்தரும் கேட்கல. அத்தை மைக்கைப் பிடுங்கி, "இது எங்க அண்ணி குடுத்த அளவு! நர்ஸம்மா ஆஸ்பத்திரில மருந்தையும் இப்படித்தான் அளக்கிறாங்களோ இன்னாவோ"ன்னாங்க. பந்தலே சிரிச்சுது. அப்பா தன் செருப்பைப் பார்த்துட்டு நின்னார்.

ஊசி மருந்தைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சு அளந்தவ நீ. அதுக்கப்புறம் நீ கேக்கே செய்யல. ஏம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல?

உன் பேத்தி எடை கம்மின்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்கு எல்லாத்துக்கும் பயம். கஞ்சி மாவைக்கூட கிராம்ல அளக்கிறேன். அதுக்குன்னே டிஜிட்டல் தராசு வாங்கினேன். "இன்னா, புள்ளையையும் அதுலயே உட்கார வெச்சுடுவ போல"ன்னு உன் மருமகன் கிண்டல் பண்றார். பாப்பா தேறிட்டா. பயம்தான் போகல.

அவ முதல் பிறந்தநாளுக்கு உன் கேக்தான். மெஷின்ல அரைச்சு வந்த மாவை ஆறவிட்டு, கரண்டியால அள்ளி, உன் டம்ளர்ல தலை தட்டி அளந்தேன். சும்மா தராசுல வெச்சுப் பார்த்தா நூத்தி இருபது கிராம். மூணு டம்ளருக்கு முந்நூத்தி அறுபது. கேக் பஞ்சு மாதிரி வந்துச்சும்மா.

அத்தை ரெண்டாவது துண்டை எடுத்துக்கிட்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது உங்கம்மா அளவா இருக்காதுடி. நல்லா இருக்கே!"ன்னாங்க.

நான் சண்டை போடல. தராசு, டம்ளர், மாவு டப்பா எல்லாத்தையும் அவங்க முன்னாடி கொண்டுவந்து வெச்சேன். "நீங்க எப்படி அளப்பீங்க அத்தை? காட்டுங்க."

"இதுல இன்னா இருக்கு? ஆம்பூர் ஷூ கம்பெனில அடிக்கணக்குல தோல் அளந்தவ நான்."

டம்ளரை டப்பாவுக்குள்ள விட்டு வாரினாங்க. மேசையில ரெண்டு தட்டு. மேல இன்னும் கொஞ்சம் போட்டு, உள்ளங்கையால ஒரு அமுக்கு. யாரும் சொல்லிக் குடுக்கல, தானாவே அமுக்கினாங்கம்மா! நூத்தி அறுபது.

"மூணு டம்ளருக்கு நானூத்தி எண்பது. அது எங்கம்மா கையில நாலு டம்ளர். மூணு சொன்னா நாலு போட்டுட்டு, அளவு தப்புன்னு மைக்ல சொன்னது யாரு அத்தை?"

அப்பாதான் முதல்ல சிரிச்சார். "ஸ்டெல்லா, தோலையும் இப்படி இழுத்து இழுத்துத்தான் அளந்தியா?" வீடே சிரிச்சுது. எனக்கு எவ்வளவு இனிச்சுதுன்னு யார்கிட்ட சொல்ல?

அப்புறம் அத்தை சமையல்கட்டுக்கு வந்து மெதுவா சொன்னாங்க, "தப்புதான்டி. வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட போகட்டும்." நீயா இருந்தா காபி போட்டுக் குடுத்திருப்ப. என்னால முடியல.

"எங்கம்மாவைப் பந்தல்ல வெச்சுச் சொன்னீங்க. பந்தல்லயே வாபஸ் வாங்குங்க"ன்னேன்.

வர்ற அறுப்பின் பண்டிகைக்கு உன் கேக்கோட போறேன்மா. மைக்கை அத்தை கையில நானே குடுப்பேன். "மூணு டம்ளர்னு சுகுணா அண்ணி சொன்னது சரிதான்"னு அவங்க வாயால சொல்லணும். மாட்டேன்னா, தராசும் டம்ளரும் என் பையில இருக்கும். சபை முன்னாடி இன்னொரு தரம் அமுக்கிக் காட்டட்டும்.

உன்னை மாதிரி பொறுத்துப் போகத் தெரியாத
உன் மக,
ஜெபா