பழைய பிரதிகளில் இல்லாத வசனங்கள்

குரோருட், ஒஸ்லோ
19 ஜனவரி 2025

டிலக்சியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேர்கன் மழை அதற்கு நல்லதில்லை என்று சொன்னால், மழையையும் நான்தான் அனுப்பினேன் என்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

ரெலிபோனில் கதைத்தால் இருவரும் சத்தம் போடுகிறோம். மெசேஜ் எழுதினால் பிள்ளை பார்த்துவிடுவாள், என் போனை அவள்தான் திறந்து திறந்து திருத்தித் தருகிறவள். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்துகிற அந்த உறுதிபூசுதலை டிலக்சி இந்த வருடம் எடுக்கமாட்டாளாம். மே மாதத்துக்குச் சட்டை தைக்கக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மா, நான் எடுக்கப் போறதில்லை" என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, பஸ் வரவில்லை என்பது மாதிரிச் சொன்னாள்.

காரணம் ஒரு நாவல். அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் வாசித்துவிட்டார்களாம். அருங்காட்சியகத்தில் வேலை செய்கிற ஒரு பெண் பாலைவன மடமொன்றில் பழைய தோல்சுருள் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். ரோமச் சக்கரவர்த்தி ஒரு சபையைக் கூட்டி, வாக்கெடுத்து, நான்கு நற்செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிட்டான் என்று அதில் இருக்கிறதாம். அவளைத் துரத்துகிறார்கள், சுடுகிறார்கள். நானும் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவர். நீங்கள் எழுதினால் வாசிப்பாள். நீங்கள் வேலைக்காகத்தான் பேர்கன் போனீர்கள் என்று இன்னும் நம்புகிறாள். உங்களில் அவளுக்கு மரியாதை குறையவில்லை.

உதயகுமாரி


பேர்கன்
28 ஜனவரி 2025

அன்பின் உதயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக் குசினியில் நாள் முழுக்க நின்றபடி சமையல் வேலை, வேறு எப்படி இருக்கும்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் விட்டதே முதல் பிழை. அதை விட்டதோடு நில்லாமல் நீரும் இருந்து வாசித்திருக்கிறீர். நீர் பிறந்து வளர்ந்தது முருகன் கோயிலடியில், இதன் பாரதூரம் உமக்கு விளங்காமல் இருக்கலாம். அதற்காக நான் உம்மைக் குறை சொல்லவில்லை.

இங்கேயும் அந்த நாவலைப் பற்றித்தான் கதை. தவக்காலத்தில் தமிழ் ஆட்களுக்கு அதைப் பற்றி ஒரு உரை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கென்று எடுத்த குறிப்புகளில் மூன்றைப் பிள்ளைக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதலாவது, அந்த வாக்கெடுப்புக் கதை கட்டுக்கதை. இரண்டாவது, நான்கு நற்செய்திகளும் அந்தச் சக்கரவர்த்திக்கு வெகுகாலம் முன்பே சபைகளில் வாசிக்கப்பட்டவை. மூன்றாவது, உலகத்தில் கிடைத்த பழைய பிரதிகள் எல்லாம் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

இவற்றை வாசித்தால் தெளிந்துவிடுவாள். சட்டையைத் தைக்கக் கொடும்.

றொபின்


குரோருட், ஒஸ்லோ
16 பெப்ரவரி 2025

டிலக்சியின் அப்பாவுக்கு,

சட்டை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

உங்கள் தாள்களை அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தாள். "அப்பாவின்ரை கையெழுத்து வடிவு" என்றாள். பிறகு, "சரி பாப்பம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பியோர்விக்காவில் உள்ள நூலகத்துக்குப் போனாள். அங்கே வேலை செய்கிற ஒரு பெண், பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி நோர்வேஜிய மொழியில் இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துத் தந்தாள். சனிக்கிழமை முழுவதும் அங்கேதான் இருந்தோம்.

முதல் ஒரு மணித்தியாலம் உங்கள் மகளுக்குச் சரியான சந்தோசம்.

"அம்மா, இந்த நாவல்காரர் நல்லா ஏமாத்தியிருக்கிறார். அப்பிடி ஒரு வாக்கெடுப்பு நடந்ததுக்கு ஆதாரமே இல்லையாம். அதுக்கு நூறு வருசத்துக்கு மேலை முன்னமே, நற்செய்தி நாலுதான் எண்டு ஒராள் எழுதி வச்சிருக்கிறார். அப்பா சொன்னது சரி!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னாள். அவளுக்கு நீங்கள் சரியாக இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பதை அப்போதுதான் கண்டேன்.

பிறகு மற்றப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு பக்கத்தை என் பக்கம் தள்ளினாள். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று அதில் இருந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றுகிற கதையும் இல்லையாம். வீட்டுக்கு வந்து பாடசாலை நோர்வேஜிய பைபிளைத் திறந்தோம். அதையேதான் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறது. ஒளித்து வைக்கவும் இல்லை. எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் இருக்கிறது.

"அப்ப மூண்டாவது பொய்" என்றாள்.

"பொய் எண்டு சொல்லாதை. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாட்டி ஏன் தெரிஞ்ச மாதிரி எழுதினவர்?"

நான் பைபிளை மூடி அலுமாரியில் வைத்தேன்.

ஒன்று எழுதவேண்டும். கலியாணத்துக்கு முன் நான் ஞானஸ்நானத்துக்குப் படித்தபோது, அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டுத்தான் உங்கள் வேதம் எனக்குப் பிடித்தது. கல்லோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போகிற இடம். அடிக்குறிப்பை அவள் வாசித்தபோது முகம் விழுந்தது எனக்குத்தான், அவளுக்கில்லை. இதன் பாரதூரம் எனக்கு விளங்காது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக இதைச் சொன்னேன்.

உதயகுமாரி


பேர்கன்
25 பெப்ரவரி 2025

அன்பின் உதயாவுக்கு,

மூன்றாவது குறிப்பை நான் இணையத்தில் ஒரு போதகரின் காணொளியில் இருந்து எடுத்தேன். நல்லவராகத் தெரிந்தார். உம்முடைய கடிதத்தைக் கண்டதும் இங்குள்ள ஃபாதரிடம் போனேன். பிள்ளை சொன்னது சரிதான் என்றார். பிரதிகளில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஆயிரக்கணக்கில் உண்டாம், அநேகமானவை எழுத்துப் பிழைகளாம், குருமடத்தில் முதல் வருடமே படிப்பித்துவிடுவார்களாம். "உமக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் படிப்பிக்கிற ஆளிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது.

மாற்கின் கடைசி வசனங்கள் இல்லாவிட்டாலும் கல்லறை வெறுமையாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அது எட்டாம் வசனத்தோடு நிற்கிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் வாசித்தும் நான் அந்த இடத்தில் நின்றதில்லை.

மார்ச் நடுவில் இரண்டு நாள் லீவு கிடைக்கும். ரெயினில் வருகிறேன். பிள்ளையிடம் நேரே சொல்லவேண்டியதைத் தாளில் எழுதி அனுப்ப மனமில்லை.

நீர் பிறந்த இடத்தைப் பற்றி நான் எழுதியதை மனதில் வைக்காதேயும்.

றொபின்


குரோருட், ஒஸ்லோ
17 மார்ச் 2025

டிலக்சியின் அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பிள்ளை சொன்னாள். நீங்கள் புறப்பட்ட பிறகு இங்கே நடந்ததை நீங்கள் அறியவேண்டும். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மூன்றாவது குறிப்பு பிழை என்று அவளுக்கு நேரே சொன்னீர்கள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்து, உறுதிபூசுதலுக்கு இனித் தடையில்லை என்றே நானும் நினைத்தேன். ஆனால் அடுத்ததாக அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்பா, நீங்கள் வேலைக்காகத்தானே பேர்கன் போனனீங்கள்?" நீங்கள் "ஓம் பிள்ளை" என்றீர்கள். நான் தேத்தண்ணி போட எழும்பினேன். அவள் பார்த்தது உங்களையல்ல, என்னைத்தான்.

உங்களை ஸ்டேசனில் விட்டுவிட்டு வந்ததும் கதவடியில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றாள்.

"அம்மா, ஒஸ்லோவிலை ஒரு ஆஸ்பத்திரியிலையும் குசினி இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப?"

சொல்லிவிட்டேன். நாங்கள் பிரிந்துதான் இருக்கிறோம், இரண்டு வருடமாக அப்படித்தான், சொன்னால் தாங்கமாட்டாய் என்று இருவருமாக முடிவெடுத்தோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். என் காரணத்தைச் சொன்னேன். உங்கள் காரணத்தையும் என்னால் இயன்ற அளவு நீங்கள் சொல்வது போலவே சொன்னேன். இரண்டும் ஒத்துவரவில்லை. ஒத்துவர வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அழவில்லை. "எனக்கு நாவலிலை கோபம் வரேல்லை, அம்மா. அவை கதை எண்டு சொல்லித்தான் விக்கினம்" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் கோபப்படுவீர்கள். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு வருந்துகிறேன், சொன்னதற்கு வருத்தமில்லை.

உதயகுமாரி


பேர்கன்
2 ஏப்ரல் 2025

உதயாவுக்கு,

கோபம் வந்தது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உம்மில் பிழை கண்டுபிடிக்க எனக்கு எப்போதும் அதிக நேரம் எடுப்பதில்லை. இந்த முறை எடுத்தது.

அவள் என் போனை எடுக்கிறாள் இல்லை. சாப்பிட்டாளா, பாடசாலை போகிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுதும்.

றொபின்


குரோருட், ஒஸ்லோ
11 மே 2025

டிலக்சியின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள், பாடசாலை போகிறாள். கணிதத்தில் ஆறுக்கு ஐந்து எடுத்திருக்கிறாள். உங்களோடு போன கிழமை கதைத்ததாகவும் சொன்னாள். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உறுதிபூசுதல் இந்த வருடம் இல்லை. அவளே இங்குள்ள ஃபாதரிடம் போய்ச் சொன்னாள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர் வற்புறுத்தவில்லையாம், வாசிக்க மாற்கு நற்செய்தியைக் கொடுத்தாராம். "அது எல்லாத்திலும் சின்னன், அதாலைதான் தந்தவர்" என்று சொல்லிச் சிரித்தாள். ஞாயிறு பூசைக்கு வருகிறாள், நற்கருணை வாங்க எழும்பமாட்டாள். என் பக்கத்திலேயே இருக்கிறாள். முன் வாங்கிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் திருப்பி அவர்களைப் பார்க்கிறாள்.

அடுத்த விசயம். பிள்ளைக்குத் தெரிந்தபின் நாங்கள் இப்படி அரைகுறையாக இருப்பதில் அர்த்தமில்லை. பிரிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பி என் கையெழுத்தை வைத்து இதோடு அனுப்புகிறேன். கோயிலில் உங்களுக்கு இது சங்கடம் என்று தெரியும். வாசகம் வாசிக்க விடுவார்களோ, வகுப்பு நடத்த விடுவார்களோ, எனக்குத் தெரியாது. அவசரமில்லை. ஆனால் எனக்கு மனம் மாறாது.

உதயகுமாரி


பேர்கன்
8 ஜூன் 2025

உதயாவுக்கு,

தவக்காலத்தில் செய்ய இருந்த உரையைத் தள்ளித் தள்ளிப் போய்ப் போன ஞாயிறுதான் செய்தேன். மண்டபத்தில் நாற்பது பேர் அளவில் இருந்தார்கள். நாவலில் எங்கெங்கே பிழை என்று ஆதாரத்தோடு சொன்னேன், கை தட்டினார்கள். அடிக்குறிப்புகளைப் பற்றியும் சொன்னேன், அதற்கு ஒருவரும் தட்டவில்லை. அருளானந்தன் என்று இங்கே ஒரு வயதானவர் எழும்பி, "தம்பி, நீர் எங்கடை பக்கமோ, அவையின்ரை பக்கமோ?" என்று கேட்டார். எங்கள் பக்கம்தான், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

உம்முடைய கடிதத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கதையையும் வாசித்துக் காட்டினேன். பழைய பிரதிகளில் இது இல்லை, இது எனக்குத் தெரியும். இது நடந்தது, இது என் நம்பிக்கை. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன். டிலக்சியிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன். "ஓகே அப்பா" என்றாள்.

உரை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அன்ரி வந்து, "மனிசியும் பிள்ளையும் எப்ப இஞ்சை வருகினம்?" என்று கேட்டா. எல்லாரும் கேட்கிற கேள்விதான். அடுத்த வருடம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

"வரமாட்டினம் அன்ரி. நாங்கள் பிரிஞ்சு இருக்கிறம்" என்றேன்.

அவ மிச்சமிருந்த ரோல்ஸை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தா. மறைக்கல்வி வகுப்பைப் பற்றி ஃபாதர் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லும்வரை நடத்துகிறேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். நான் அனுப்பினால் நாளாகும், நீரே இதை உரிய இடத்துக்கு அனுப்பிவிடும். பிழை இருந்தால் திருத்தும், அந்த விசயத்தில் எனக்கு உம்மில் நம்பிக்கை உண்டு.

டிலக்சி என்னைப் பற்றி உம்மிடம் விசாரித்தால், அப்பா சுகம் என்று எனக்காகச் சொல்லாதேயும். என்னிடமே கேட்கச் சொல்லும். அவளுக்கு நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
றொபின்