பச்சை வால்வும் தொப்பை மாமாவும்

உலகத்தையே தாகத்தில் சாகடித்த என் மருமகளுக்கு,

ஊர்க் குழாயெல்லாம் வறண்டுபோகும் உன் கதையை, "ஜனங்களை ஏன்டி பயமுறுத்துற?" என்று உன் அம்மா கேட்டதற்காகக் கிழிக்கப் போகிறாயாமே? பொறு.

எங்கள் நீரேற்று நிலையத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதை வாசித்தேன். சிரித்த சிரிப்பில் கூரை பறந்து மேகத்தில் மாட்டிக்கொண்டது. ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்யா, அப்படி ஒரு நாள் வந்தா, அவசரத்துக்குன்னு வெச்சிருக்கிற நம்ம சேமிப்புத் தொட்டி வால்வு திறக்குமா?"

எல்லோருக்கும் உள்ளூர இருந்த பயம்தான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போய்ப் பார்த்தோம். அதிகாரி வரும்போதெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்து அடித்து வால்வு பாறையாகியிருந்தது. சுரண்டி, தொங்கி, திறந்தோம். இப்போது சுண்டுவிரலால் சுற்றலாம்.

கிழிக்காதே. கதையில் முதலில் சாகிற தொப்பை மாமா நான்தான் என்று தெரியும். சாகட்டும். அதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் மட்டும் கொடுத்துவிடு, தாயே.

இப்படிக்கு,
இதுவரை தாகமே அறியாத உன் மாமா