தலைமேல் வைத்த கை

12.6.2003
இன்று கூடத்தில் இருந்தவர்கள்: மகள் யாஸ்மின், மருமகன் ஷானவாஸ், பேத்தி ஹுஸ்னா, அவளுடைய ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிகாட்டும் மதுரைப் பேராசிரியர் சுருளிவேல், நான் அம்சத் பீவி. நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது.

ஹுஸ்னா ஆன்டெனா செய்கிறாள். கம்பிகளை எந்த இடைவெளியில் வைத்தால் சிக்னல் சிதறாது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"தேனீக் கூட்டம் மாதிரி புள்ளிகள கம்ப்யூட்டர்ல தேட விடுறேன் சார். ஒவ்வொண்ணும் தான் பாத்த நல்ல இடத்த மறக்காது. கூட்டம் பாத்த நல்ல இடத்துப் பக்கமும் சாயும். வெளிநாட்டுல சில பேரு ஆரம்பிச்சிட்டாக."

"ஈயும் எறும்பும் ஆன்டெனா செய்யும்னா நாம எதுக்கும்மா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஐந்து இடியாப்பம் தின்றுவிட்டு இப்படிச் சொன்னார். எண்ணினேன். ஷானவாஸ் வாயே திறக்கவில்லை. யாஸ்மின் அழுததோடு சரி.

அவர் போனதும் எனக்குப் பதறியது. படிப்பு நின்றுவிடுமோ? ஹுஸ்னாவின் கையை இழுத்து என் தலைமேல் வைத்தேன். "சார் சொல்றதத்தான் செய்வேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

13.6.2003
கம்ப்யூட்டரில் காட்டினாள். புள்ளிகள் சிதறி அலைந்தன, பிறகு மெல்ல மெல்ல ஒரே இடத்தில் மொய்த்தன.

"நல்லாப் பாத்துக்க நன்னி. இதத்தான் விடச் சொன்ன."

அணைத்துவிட்டாள்.

2.7.2003
இன்றும் ஹுஸ்னாவுக்கு என்னோடு பேச்சில்லை.

18.2.2004
சார் சொன்ன பழைய முறையில் எட்டு மாதம். ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளை மெலிந்துபோனாள்.

"சத்தியத்தத் திருப்பி எடுத்துக்கிறேன்டி" என்றேன்.

"உன் தலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நான் என்ன செய்ய — மூணாப்புப் படிச்சவ.

6.9.2004
இன்றுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "அல்லாவ வச்சுச் சொல்றதுதாம்மா சத்தியம். மனுசர் தலைமேல வச்சதெல்லாம் கணக்குலயே வராது."

மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னேன். ஹுஸ்னா ஒரு தாளை நீட்டினாள். அவள் நினைத்த அதே ஆன்டெனா, அதே தேனீ முறை. மேலே வேறு யாரோ பெயர். போன மாதம் வெளிநாட்டில் அச்சாகிவிட்டதாம்.

பள்ளிவாசல் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. அன்றைக்கே போயிருந்தால்?

20.8.2006
சுருளிவேல் சார் வந்தார், கையில் அழைப்பிதழோடு. மதுரையில் அவர் தலைமையில் கருத்தரங்கு. விஷயம் அந்தத் தேனீ முறைதான்.

"இப்ப ஆன்டெனாக்காரக எல்லாம் இதத்தான் செய்றாக. நீ அன்னைக்கே சொன்ன. தப்பு எம்மேலதாம்மா."

படிப்பை விட்டுவிட்டு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற ஹுஸ்னா அவருக்கு டீ கொடுத்தாள். "பின்னால உக்காந்து கேக்குறேன் சார்" என்று சிரித்தாள்.

வாய் திறக்காத ஷானவாஸை மன்னித்தேன். அழுததோடு நின்ற யாஸ்மினை மன்னித்தேன். தின்ற இடியாப்பத்தோடு சேர்த்து சாரையும் மன்னித்தேன். அன்று கூடத்தில் இருந்தவர்களில் என்னால் மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான்.

அம்சத் பீவி.