வறண்ட வாய்க்காலில் உயர்ந்த கைகள்

பங்குனி 14, வெள்ளி

காலையிலேயே வெயில். விதைநெல் காயப்போட்டது. காகம் விரட்டல்.

மத்தியானம் எங்கள் கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் செயலாளர் தவராசாவின் தகவல்: "சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் வழமைபோல் குளத்தடி வயல்களுக்கு. சம்மதமென்றால் பெருவிரல் போடவும்."

குளத்தடியார் மளமளவென்று பெருவிரல். கடைவாய்க்காலில் இருக்கும் எங்களுக்கு வழமைபோல் புழுதி. இதுபற்றி இதுவரை பதினொரு மனு கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பெருவிரலாம்! கைநாட்டு வைக்கக் கூடாதென்றே தனியே இருந்து எழுத்துப் படித்தவன் நான்.

பங்குனி 15, சனி

பன்னிரண்டாவது மனு. இம்முறை குரலில் பதிந்து குழுவுக்கு. ஏழு நிமிடம். திகதி, பொருள், இப்படிக்கு, பிரதிகள் யார் யாருக்கு, எல்லாம் வாசித்தேன். நடுவில் மாடு கத்தியது.

தவராசா: "அண்ணை, மாட்டின்ர கதை மட்டும்தான் விளங்கினது."

விடவில்லை. அமைப்பு விதி மூன்று: வாக்கென்றால் கை உயர்த்த வேண்டும், கண்ணால் கண்டு எண்ண வேண்டும். அவரவர் வயலில் நின்று கை உயர்த்திப் படம் போடட்டும் என்றேன்.

தவராசா: "சரி, உயர்த்துங்கோ பாப்பம். நாளைக்கு ஆறு மணி வரைக்கும்." பின்னால் சிரிக்கும் முகங்கள் நான்கு.

குசினிக்குள் இருந்து மனைவி: "போனுக்குள்ள கை உயர்த்துறதோ? உங்களுக்கு விசர்."

பங்குனி 16, ஞாயிறு

காலை 7.10. முதற்படம், மகேஸ்வரி. எங்கள் வாய்க்காலில் தனியே இரண்டு ஏக்கர் செய்கிறவர். கூட்டம் எப்போதும் குளத்தடி மண்டபத்தில். கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதால் வாக்கெடுப்பு வரை அவர் ஒருநாளும் இருந்ததில்லை. இன்று வெடித்த வாய்க்காலுக்குள் நின்று, கை நேரே மேலே. குரலும் வந்தது: "ஐயா, என்னையும் எண்ணுங்கோ."

பிறகு படத்துக்கு மேல் படம். எல்லாம் அதே வாய்க்கால். வேறு வழியின்றிக் குளத்தடியாரும் தங்கள் பக்கத்துக்குக் கை உயர்த்தினர்.

ஒரு படத்தில் தாயும் இரண்டு மகள்மாரும். மூன்று கை. தவராசா ஆட்சேபம். மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து: "மூண்டு பேருக்கும் காணி இருக்குத்தானே? கேளுங்கோ அவரை."

கேட்டேன். மூன்றையும் சேர்த்துக்கொண்டார்.

கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். குளத்தடி 19. நாங்கள் 31. தவராசா இரண்டு தரம் எண்ணினார்.

"சரி அண்ணை. முதல் தண்ணி கடைவாய்க்காலுக்கு."

பால்தேத்தண்ணி. சீனி இரண்டு கரண்டி. டொக்டர் அறிய வேண்டாம்.

சித்திரை 9, புதன்

தண்ணீர் வந்துவிட்டது! முன்னால் சருகும் நுரையும், பின்னால் தவளைச் சத்தமும். கடைவாய்க்கால் முழுக்கச் சனம். மகேஸ்வரி கற்பூரம் கொளுத்திவிட்டு என்னிடம் வந்தார். "ஐயா, எல்லாற்ற கையையும் எண்ணினனீங்கள். உங்கட படத்தைக் காணேல்லையே?"

வீட்டுக்கு வந்து குழுவை மேலும் கீழும் தேடினேன். இல்லை. எண்ணும் மும்முரத்தில் மறந்திருக்கிறேன்.

திரும்பவும் வாய்க்காலுக்கு. முழங்கால் தண்ணீரில் நின்று கை உயர்த்தினேன். சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தவர் மனைவி. அனுப்பியாயிற்று.

தவராசா: "காலம் கடந்த வாக்கு, அண்ணை. செல்லாது."

செல்லாதாம்! பதின்மூன்றாவது மனு. பொருள்: முப்பத்திரண்டாவது கை.