பால் கறக்காத மூன்று கடாக்கள்

அன்பு மகள் சிம்ரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அயர்லாந்து மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சித்திரை மாதம் இந்த வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. நம் மூன்று எருமைக் கடாக்களுக்கும் பெயர் வைப்பது என்று தீர்மானித்தோம். கறிக்கு வளர்க்கிற மாட்டுக்கு நம் வீட்டில் யாரும் பெயர் வைத்ததில்லை. ஆனால் எருமை வளர்ப்போருக்கான அரசு உதவிப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது, எதையும் காலியாக விடக்கூடாது என்றும் அச்சிட்டிருந்தது. அம்மா இரண்டு நாள் யோசித்து துரை, செல்வம், ராசா என்றாள். அடுத்த கட்டத்தில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் பால் என்று கேட்டிருந்தார்கள். நான் பொய் எழுதுகிறவன் இல்லை, சைபர் என்று எழுதினேன்.

அதிகாரி வந்து பார்க்கும்வரை மாடுகள் கொட்டகையிலேயே நிற்க வேண்டும், விற்றால் உதவி கிடையாது. நின்றன, நின்றபடியே தின்றன. அவை மேய்ந்த ஏரிக்கரையை வேலி போட்டு நடைபாதை ஆக்கிவிட்டு, டாக்டர் நடக்கச் சொன்னவர்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள். அதனால் தவிடும் புண்ணாக்கும் வாங்க அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்பு வியாபாரி தேவா வந்து மூன்றுக்கும் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். அதிகாரி வந்துவிட்டுப் போகட்டும் என்றேன். “இன்னா நைனா, கவர்மெண்டு குடுக்கும்னு கட்டி வெச்சிகினு கீற. பண்டிகை உனக்கோசரம் நிக்காது” என்றார். நிற்கவில்லை.

அதிகாரி ஆனி கடைசியில் வந்தார். நல்ல மனிதர், மோர் குடித்தார். பால் சைபர் என்றால் உதவிக்கு வழியில்லை, தீவனத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார். “கடா இன்னா சார் கறக்கும்? சொம்பு தரேன், நீயே உக்காந்து பாரு” என்றாள் உன் அம்மா. அவர் கோபிக்கவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

உன் ஊரில் கறிமாடு வளர்ப்பவர்களுக்கு அரசே பணம் போடுகிறது, அப்படியும் நஷ்டம் என்று அழுகிறார்கள் என்று போனில் சொன்னாய். பின்பாதியைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆடி பிறந்ததும் தேவாவை நானே கூப்பிட்டேன். எண்பதாயிரம் என்றார், சரி என்றேன். வண்டி வந்தபோது அம்மா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கயிற்றைப் பிடித்து இழுக்க ஆள் தேவைப்படவில்லை, தாமாகவே நடந்து போய் ஏறிக்கொண்டன.

டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே கண்ணு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கவேல்,
திருமுல்லைவாயில்

பி.கு.: இனி இங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய். ரயிலுக்குப் போகிறவர்கள் கொட்டகையில் பைக் நிறுத்துகிறார்கள், அம்மா அதுவரை அங்கே டோக்கன் கொடுக்கிறாள்.