முதலாளி சுற்று

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே. வருடக்கணக்காக வண்டி நம்பரைத் தவிர வேறு எதையும் எழுதாத கை இது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை நான் எடுத்தால், அம்மா இருக்காங்களா என்று கேட்கிறாய். இருக்காங்க என்று சொல்லி நீட்டிவிடுகிறேன். ஏழு மாதமாக நமக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. பக்கத்துக் கடைத் தையல்காரர் தகரப் பந்தலை இழுத்துக் கட்டி நம் பட்டறை வெளிச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டார். சண்டைக்குப் போனேன். திரும்பி வரும்போது என் கையில் தைத்த சட்டை ஒன்று இருந்தது, வெளிச்சம் வரவில்லை. அங்கே பஸ் டிப்போவில் உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்களாமே, அம்மா சொன்னாள். கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். சந்தோஷம்தான், ஆனால் அதைக் காட்டும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் அலமாரியில் சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்று கிடந்தது. நகமெல்லாம் கிரீஸோடு திரிகிற பெண்ணுக்கு இது எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. எதற்கு என்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரரின் பழைய வேன் மறுபடி வந்தது. அதே புகை, அதே தீய்ந்த எண்ணெய் நாற்றம். நீ அந்த வேனின் என்ஜினை மேலே மூடும் டேப்பட் கவருக்கு ரப்பர் பேக்கிங் மாற்றிக் கொடுத்தாய், இரண்டாம் நாளே எண்ணெய் ஒழுகிச் சூடான பைப்பில் விழுந்து, ஒரு வண்டி ரொட்டியும் புகை நாற்றமடித்து வீணாய்ப் போனது. அந்த மனிதர் பட்டறை வாசலில் நின்று கத்தியதும், நாலு பேர் கூடியதும், நான் சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் ஒரு எழுத்து மறக்கவில்லை. என் பொண்ணு மாட்டினதுங்க, பொம்பளப் புள்ள கை, அதுல பிடி இருக்காது, மன்னிச்சுக்கோங்க என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ கையிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டு, உள்ளே போனாய். அடுத்த வாரம் ஊரைவிட்டே போனாய்.

அன்றைக்கு நான் கவரைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் சுற்றிலும் ஒழுக்கை அடைக்கும் பேஸ்ட் பூசி அனுப்பிவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு ஏழு மாதம் தாங்கியது. நல்ல பேஸ்ட்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பேஸ்டைச் சுரண்டி, பெட்ரோல் போட்டு எண்ணெய் அழுக்கைத் துடைத்தேன். ஒவ்வொரு போல்ட் தலையிலும் சிவப்பாக ஒரு கோடு. கவரிலும் ஒரு கோடு. முடுக்கி முடித்ததும் போல்ட்டையும் கவரையும் சேர்த்து நீ இழுத்த ஒரே கோடு அது. யாராவது பிறகு தொட்டால் கோடு விலகிவிடும். நகப்பூச்சு அதற்குத்தான் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எட்டு போல்ட்டிலும் கோடு அரைச் சுற்று விலகி நின்றது.

அந்த அரைச் சுற்று யாருடையது என்று கேட்க ஆள் தேவையில்லை. யார் எதை முடுக்கினாலும், அவர்கள் நகர்ந்ததும் நீள ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்கிவிடுவது என் பழக்கம். முதலாளி சுற்று என்று நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். சக்கரத்துக்குச் சரி, ரப்பர் பேக்கிங்குக்கு ஆகாதுப்பா, பிதுங்கிக் கிழிஞ்சிடும் என்று எத்தனை தரம் சொன்னாய். இறுக்கத்தை எண்ணில் அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சைச் சொந்தக் காசில் வாங்கி வந்தாய். பட்டறைக்குத் தராசு எதுக்கு, காய்கறி விக்கப் போறியா என்று கேலி செய்தேன். அந்த வேன் வேலை முடிந்த சாயங்காலம் நீ கை கழுவப் போன நேரத்தில் நான் குனிந்து எட்டையும் இறுக்கினேன். கவரைக் கழற்றிச் சமமான பலகையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் குழிந்திருந்தது. நீ வைத்த பேக்கிங் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நான் கூடத்தையும் கோணலாக்கிவிட்டு, பழியை உன் தலையில் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அன்னைக்கே தெரியுங்க என்றாள். கை கழுவிட்டு வர்றப்ப நீங்க ஸ்பேனரோட குனிஞ்சு நின்னதப் பார்த்துட்டா, உங்க மனசு நோகும்னு கோட்டைக்கூடப் போய்ப் பார்க்கல, நான் சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம்மா, அப்பா நாலு பேர் முன்னாடி தலை குனியக் கூடாதுன்னுட்டா என்றாள்.

உன் தலையை நான் குனிய வைத்ததும் அதே நாலு பேர் முன்னால்தானே, கண்ணு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் செய்த தப்புக்கு இவ்வளவு வெட்கம் வராது. கழற்றிப் பார்க்காமலே உன்னைக் கைகாட்டினேன் பார், அதற்குத்தான். எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மெக்கானிக் கழற்றாமல் பேஸ்ட் பூசுவான்?

புதன்கிழமை காலை ரொட்டிக்கடைக்குப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நின்றேன். குறைந்தபோது, கூட்டம் இருக்கும்போதுதானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மறுபடி சேரும்வரை நின்றேன். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன், வேன்ல தப்பு என் கையோடது, பொண்ணு சரியாத்தான் மாட்டியிருந்தா என்று. குரல் எனக்கே வேறு யாரோடதோபோல இருந்தது. ரொட்டிக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். இத என்கிட்ட எதுக்கு மெக்கானிக்காரரே சொல்றீங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா என்றார். அதற்குப் பிறகுதான் தையல்காரரிடம் போய் இந்தத் தாளை வாங்கினேன்.

மன்னிப்பு என்று மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். பின்பக்கம் திருப்பினால் பேனா அழுந்திய தடம் தெரியும். அதையும் படித்துக்கொள்.

வேன் இப்போது பட்டறையில்தான் நிற்கிறது. கவரை மரச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கினேன். பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரை நீ சொல்லும் மாதிரி ஒரு துணுக்கு விடாமல் எடுத்தேன். புதுப் பேக்கிங்கை வைத்து, எட்டு போல்ட்டையும் நடுவிலிருந்து வெளியே கையாலேயே திருகியிருக்கிறேன். உன் தராசையும் துடைத்து எடுத்து வைத்தேன். எந்த எண்ணில் வைத்து முடுக்குவது என்று தெரியவில்லை. நீ அதைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருந்தாய். நீ பஸ் ஏறின அன்று, இது பட்டறையா பள்ளிக்கூடமா என்று கத்திக்கொண்டே ஈரத் துணியால் அழித்தவன் நான்தான்.

நாலு கடை தள்ளி இருக்கிற பட்டறையில் கேட்டால் யாராவது சொல்வார்கள். கேட்க மாட்டேன். ரொட்டிக்காரர், அவசரமில்ல, பொண்ணுகிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டு, தன் தம்பியின் வண்டியில் சரக்கு எடுத்துப் போகிறார். நீள ஸ்பேனரை உன் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லவில்லை.

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. அங்கே நன்றாக இரு. உன் நாலு பேரும் உன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும். அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. நீ எழுதிய சீட்டைப் பார்த்து முடுக்கிவிடுவேன். சுவரில் எழுத மாட்டேன். அந்த இடத்தைத் துடைத்து, பக்கத்தில் ஒரு சாக்பீஸ் வைத்திருக்கிறேன். அது உன் கையெழுத்துக்கான இடம்.

உன் பதில் வரும்வரை எட்டு போல்ட்டும் கை இறுக்கத்திலேயே இருக்கும். நான் தொட மாட்டேன் கண்ணு.

உன் அப்பா