கட்டையன் என்னும் உடும்பின் குடை மடங்கிய வரலாறு

நலமே நிறைக! பருவம் தவறாமல் மழை பொழியும் வாகைமலை நாட்டின் அதிபதியும், களிறுகள் பலவும் குதிரைகள் அதனினும் பலவும் உடையவரும், கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவப்பவர் என்று உடன்பிறந்தாரால் அறியப்பட்டவருமாகிய செருவேல் சேந்த மன்னர் திருமுன்புக்கு, அவர்தம் அருமைத் தங்கையும் பொற்பாறை நாட்டைத் தனிக்கோல் செலுத்துபவருமாகிய நிலமகிழ் நங்கையார் விடுக்கும் ஓலை. அரசியார் சொல்லச் சொல்ல எழுதுகின்றவன் ஓலை நாயகம் கூத்தன் ஆச்சன். அண்ணியார் நலமா, பட்டத்து யானையின் கால்புண் ஆறிற்றா என்று அரசியார் முதற்கண் கேட்கச் சொன்னார்கள். இங்கு அனைவரும் நலம். கட்டையனும் நலம். அவன் நலமான கதையைச் சொல்லி, அதற்காகத் தாங்கள் எங்கள்மேல் படையெடுக்கலாகாது என்று கேட்டுக்கொள்வதே இவ்வோலையின் நோக்கமாகும்.

கட்டையனைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரசியார் சிறுமியாய் இருந்தபோது கோட்டைச் சுவரின் கல்லிடுக்கிலிருந்து எடுத்து வளர்த்த அதே உடும்பு. அரசியாரின் முடிசூட்டு விழாவன்று அது சபை நடுவே நடந்து சென்று தங்கள் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ள, தாங்கள் மனம் மகிழ்ந்து, அதற்குக் ‘கோட்டை காத்த பேரரையர்’ என்னும் பட்டமும் வெண்குடை ஒன்றும் வழங்கினீர்கள். சபையே சிரித்தது. ஆனால் பட்டம் பட்டம்தானே! வெண்குடை பெற்றவர்மேல் வெயில் படக்கூடாது என்பதும், பிறர் தந்த குடையை மடக்குவது தந்தவரை இகழ்வதாகும் என்பதும் நம் இரு நாடுகளுக்கும் பொதுவான வழக்கம். முன்பு ஒருமுறை படைத்தலைவர் ஒருவரின் குடை காற்றில் சாய்ந்ததற்கே எல்லையில் கைகலப்பு மூண்டதைத் தாங்களும் அறிவீர்கள். ஆகவே அன்றுமுதல் கட்டையன் போகுமிடமெல்லாம் சாத்தன் என்னும் குடைக்காரன் பின்னாலேயே போனான். கட்டையன் மதிலில் ஏறினால் ஏணி வைத்து அவனும் ஏறினான். பாவம், அவன் பட்ட பாடு தனி ஓலைக்கு ஆகும்.

மார்கழி பிறந்தபோது கட்டையன் சோர்ந்தான். முட்டையை மூக்கருகே வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கை வெளியே நீட்டவில்லை. தோல் உரிய வேண்டிய காலத்தில் உரியாமல் பாதியில் நின்று, கிழிந்த சட்டை போட்டவன்போல் கிடந்தான். அரசியார் அவனை மடியில் வைத்துக்கொண்டே வழக்குகளைக் கேட்டார்கள், மடியில் வைத்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னார்கள். அந்த நாட்களில் தீர்ப்புகள் கொஞ்சம் கடுமையாகவே இருந்தன என்பதை அடியேன் மறைப்பதற்கில்லை.

செய்தி தங்கள் செவிக்கு எட்டவும், தாங்கள் பாசத்தோடு தங்கள் இலாயத்து வைத்தியர் மழபாடியாரை அனுப்பி வைத்தீர்கள். குதிரை வைத்தியத்தில் அவருக்கு நிகர் அவரே. அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர் வந்து இறங்கியதும் கட்டையனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொன்னார். பிறகு முற்றத்தில் ஒரு சுற்று ஓடவிடச் சொன்னார். எழுந்திருக்கவே மாட்டாத பிராணி எங்கே ஓடும்? கால் நான்கையும் தட்டிப் பார்த்து, “இலாடம் கட்டும் வழக்கம் உண்டோ?” என்று கேட்டார். அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வைத்தியர் கண்ணை மூடித் திறந்து, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று அறுதியிட்டுச் சொன்னார்.

சூடு என்றால் நம் ஊரில் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? தலைவலியா, சூடு. கண் சிவந்ததா, சூடு. ஆகவே சபை முழுவதும் தலையாட்டிற்று. அன்றுமுதல் கட்டையனுக்கு உடல் முழுதும் சந்தனக் குழம்பு, உச்சியில் விளக்கெண்ணெய், வாயில் இளநீர், இரு பக்கமும் நனைத்த வெட்டிவேர் விசிறி. மார்கழி மாதத்தில்! உணவாக ஊறவைத்த கொள்ளு. அவன் அதைத் தொடவில்லை என்றதும், தொடாததே சூட்டின் அடையாளம் என்று சொல்லி, வைத்தியர் இன்னும் ஒரு கிண்ணம் சந்தனம் கேட்டார்.

அரசியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். அண்ணன் அனுப்பிய வைத்தியர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பொறுமை போயிற்று. “சூடாம், சூடு! தொட்டுத்தான் பாருமேன் ஐயா! கிணற்றடிக் கல்மாதிரி சில்லென்று கிடக்கிறான்!” என்று சபையிலேயே சொன்னார்கள். சூடு உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது என்றார் வைத்தியர். அதற்கு அரசியார் சொன்ன மறுமொழியை இவ்வோலையில் ஏற்றுவதற்கில்லை. எழுத்தாணியும் கூசும்.

சபை கலைந்ததும் அன்று காலையே அரசியார் அவனைத் தூக்கிக்கொண்டு மேல்மாடத்துக்குப் போனார்கள். இவன் பிழைக்க மாட்டான் என்று நெஞ்சு சொல்லிவிட்டது. கடைசியாகக் கோட்டைச் சுவரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத் தரையில் விட்டார்கள். பின்னால் வழக்கம்போல் சாத்தன் குடையோடு நின்றான். அரசியார் அழுதார்கள். நாடாள்பவர் அழுததை ஓலையில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதும், அண்ணனிடம் என்ன மறைப்பு என்றார்கள்.

அழுத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டையன் மெல்ல அசைந்தான். வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு குடை நிழலின் ஓரம்வரை போனான். கடமை தவறாத சாத்தன் ஓரடி எடுத்து வைத்தான். நிழலும் கூடவே வந்தது. கட்டையன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். சாத்தன் மறுபடி நகர்ந்தான். இப்படியே மாடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருவரும் போனார்கள். எதிர்ச்சுவரில் ஓர் ஓணான் காலை வெயிலில் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தது. அரசியார் ஓணானைப் பார்த்தார்கள். கட்டையனைப் பார்த்தார்கள். குடையைப் பார்த்தார்கள்.

“அடப் பாவிகளா! இவன் வெயில் இல்லாமலல்லவா செத்துக்கொண்டிருக்கிறான்!” என்று கூவியது கீழ்வாசல்வரை கேட்டது.

குடையை மடக்கு என்றதும் சாத்தன் குடைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். “தாயே, நான் மடக்கினா என் தலை தப்புமா? அந்த நாட்டு ராசா தந்த குடையாச்சே!” என்றான். ஓடிவந்த முதலமைச்சரும் அதையே நீட்டி முழக்கி, குடை மடங்கினால் உறவு முறியும், உறவு முறிந்தால் எல்லை கலங்கும் என்று விண்ணப்பித்தார். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் கட்டையன். அரசியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணன் கோபித்தால் நான் போய்க் காலில் விழுந்து சமாதானம் சொல்லிக்கொள்வேன். இவன் போய்விட்டால் யாரிடம் போய் விழுவேன்?” என்றார்கள். சொன்னவர்கள் தம் திருக்கையாலேயே குடையைப் பிடுங்கி மடக்கினார்கள்.

ஆதலால் மடக்கியது சாத்தன் அல்லன், அமைச்சரும் அல்லர். தங்கள் தங்கையே. கோபம் எதுவாயினும் அவர்கள்மேலேயே ஆகுக.

வெயில் பட்டதும் கட்டையன் உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு படுத்தான். சந்தனம் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. உச்சிப்பொழுதில் நாக்கு வெளியே வந்தது. அதைக் கண்டு முதலமைச்சர் தம் வயதையும் மறந்து கைதட்டினார். மாலைக்குள் முட்டை ஒன்றை ஓட்டோடு விழுங்கினான். அடுத்து வந்த வெயில் நாட்களில் பழந்தோல் முழுதும் உரிந்தது. சந்தனக் கிண்ணத்தோடு படியேறி வந்த மழபாடியாரைக் கண்டதும் நேரே ஓடி, அவர் தலைப்பாகையில் ஏறிப் பிடித்துக்கொண்டான். உடும்புப் பிடி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் கண்ணால் கண்டோம். பாகையை அவிழ்த்துத்தான் வைத்தியரை மீட்க வேண்டியதாயிற்று. சூடு தணிந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்றார் அவர் அப்போதும்.

இனி ஆணை. ‘கோட்டை காத்த பேரரையர்’ என்னும் பட்டமும் அதைச் சேர்ந்த குடையும் மரியாதைகளும் இன்றோடு கட்டையனிடமிருந்து நீக்கப்பட்டன. இனி அவன் வெறும் கட்டையன். அவன் எந்தச் சுவரில் எந்த வெயிலில் கிடந்தாலும் எவரும் நிழல் தரலாகாது. தாங்கள் தந்த பட்டம் வீணாகக்கூடாது என்பதால், அதையும் குடையையும் வைத்தியர் மழபாடியாருக்கே அரசியார் மனமுவந்து சூட்டியருளினார்கள். அவர் தங்கள் நகர் வந்து சேரும்வரை குடை மடங்கலாகாது, ஒரு கதிரும் அவர்மேல் படலாகாது, காலையும் மாலையும் சந்தனம் பூசி இளநீர் தரவேண்டும் என்பது உடன்வரும் காவலருக்கு இட்ட கட்டளை. மார்கழிக் குளிராயிற்றே என்று அடியேன் தயங்கவே, அரசியார் மனமிரங்கிக் கம்பளி ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். அதைத் தங்கள் கோட்டை வாசலில் அவருக்குத் தரவும்.

இவ்வாறு, மலை நிற்குமளவும் உறவு நிற்க என்று வாழ்த்தி, பொற்பாறைக் கொலுமண்டபத்தில் முத்திரையிட்டது. முத்திரைக் களிமண் ஈரமாய் இருந்தபோது கட்டையன் அதன்மேல் ஓடிவிட்டான். முத்திரையில் இருந்த சிங்கத்தின் முகத்தில் அவன் நகத்தடங்கள் பதிந்தன. அழித்து மறுமுத்திரை இடுகிறேன் என்றேன். அரசியார் கையைப் பிடித்துத் தடுத்து, “விடும் ஆச்சனாரே. இதைப் பார்த்தால் அண்ணனுக்குக் கோபம் வராது” என்றார்கள். ஆகவே அப்படியே அனுப்பலாயிற்று.